டோம்பிவிலியிலிருந்து வில்லிவாக்கத்துக்கு

மும்பை, பெங்களூரு இரண்டோடும் வைத்துப் பார்த்தால், ஒரு நடுத்தரக் குடும்பம் சம்பளத்தில் பாதியை வாடகைக்குத் தூக்கிக் கொடுக்காமல் வாழ முடிகிற பெரிய நகரம் இன்னும் சென்னைதான் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த மலிவு ஊர் முழுக்க ஒரே மாதிரி இல்லை. வாடகை குறைவு என்று நம்பிப் போனால் லாரித் தண்ணீரிலும் பெட்ரோலிலும் சாலையில் நிற்கிற நேரத்திலும் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்து போகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. நாங்கள் மும்பையை ஒட்டிய டோம்பிவிலியிலிருந்து மாறி வந்து இப்போது வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். மும்பையிலிருந்து வர நினைக்கிற சொந்தக்காரர்களும் தோழிகளும் கேட்டுக்கொண்டே இருப்பதால், எதைப் பார்த்து இடத்தை முடிவு செய்தோம் என்று எழுதிவிடுகிறேன்.

வரப்போகிறோம் என்று சொன்னதுமே ஆளுக்கொரு ஏரியா சொன்னார்கள். அக்கா வேளச்சேரியில் இருக்கிறாள், அவளுக்கு வேளச்சேரியை விட்டால் ஊரே இல்லை. சித்தப்பா தாம்பரம். ஆபீஸில் சின்ன வயதுக்காரர்கள் எல்லாம் ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலை என்றார்கள், ஜிம் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், கேட்டில் செக்யூரிட்டி இருப்பார். யாருமே ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மும்பையில் வளர்ந்தவளுக்கு இது பெரிய ஆச்சரியம். அங்கே எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் எந்த லைன் என்றுதான் கேட்பார்கள், வெஸ்டர்னா சென்ட்ரலா ஹார்பரா, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

சென்னையிலும் லைன்கள் இருக்கின்றன, நல்ல லைன்கள். பீச்சிலிருந்து எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஒன்று. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் வரை ஒன்று. வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று. பீச்சிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். இவற்றோடு 2015-ல் தொடங்கிய மெட்ரோவின் முதல் கட்டத்தில் இரண்டு பாதைகள். இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. மெட்ரோவை விட்டுவிட்டு மற்ற ரயில்களில் குறைந்தபட்ச டிக்கெட் ஐந்து ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மாதம் முழுக்கப் போய்வர ஆகும் செலவு, ஓ.எம்.ஆரில் மழை நாளில் ஒரே ஒரு தடவை கால் டாக்சி பிடிக்கிற காசைவிடக் குறைவாகவே வரும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டே கிடையாது. இதையெல்லாம் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடாமல் 'அந்த ஏரியா கம்மி, இந்த ஏரியா ஜாஸ்தி' என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

எங்கள் நிலைமை இதுதான்: என் கணவருக்கு வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எனக்குக் கிண்டிக்குப் பக்கத்தில் ஈக்காட்டுத்தாங்கலில். ஊரின் வடமேற்கு மூலை ஒன்று, தெற்கு ஒன்று. இரண்டு பேருக்குமே கிண்டிப் பக்கம் வேலையென்றால் யோசிக்காமல் குரோம்பேட்டையோ தாம்பரமோ போயிருப்போம், ஒரே ரயில், கிண்டியில் இறங்கினால் முடிந்தது. தென் மாவட்டக்காரர்கள் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரைக்கும் அந்தப் பக்கமாகவே குடியேறியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது, ஊருக்குப் போகிற சாலையும் ரயிலும் அதுதான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் திறந்த பிறகு அது இன்னும் வசதியாகிவிட்டது. எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஊருக்குப் போவதற்காகத் தினமும் ஒருவர் தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்குப் பைபாஸில் அல்லாடுவது சரியாக வராது.

அதனால் அரக்கோணம் லைனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்த்தோம். இதைச் சொன்னபோது வந்த பேச்சைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "அந்தப் பக்கமா? ஏன், சவுத்ல கிடைக்கலையா?" பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் என்று பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிறது. அந்தப் பக்கம் ஒருநாள் கூட நடந்து பார்க்காதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து இந்த ஊரைத் தூக்கி நிறுத்திய ஜனங்கள் குடியிருக்கிற பகுதி அது. பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில்தான் இன்று வந்தே பாரத் பெட்டிகள் தயாராகின்றன. அங்கே வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்று, கையில் வந்த பணத்தில் சுற்றுவட்டாரத்தில் கட்டிய ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் தெருத் தெருவாக இருக்கின்றன. மாடியிலேயே வீட்டுக்காரர் இருப்பார், குழாய் உடைந்தால் அன்றைக்கே ஆள் வரும். தெற்கே கொடுக்கிற வாடகையில் ஒரு அறை கூடுதலாகவே கிடைக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைப் புகையும் எண்ணெய்க் கழிவும் உண்மையான பிரச்சினைதான், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நாடே பார்த்தது, அங்கே வாழ்கிறவர்களுக்கு இன்னும் நியாயம் கிடைக்க வேண்டும். அதற்காக வடக்கு முழுவதையும் ஒரே சொல்லில் ஒதுக்கித் தள்ளுவது தப்பு.

சரி, அடுத்தது தண்ணீர். சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது தண்ணீரைத்தான் என்பது என் கட்சி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் காய்ந்து கிடந்தன. அந்த ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ரயில் வந்து நின்றது இதே வில்லிவாக்கத்தில்தான், இங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன, நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், வீராணம் ஏரித் தண்ணீரும் வருகிறது, நிலைமை முன்னைவிடத் தேவலை. ஆனாலும் ஓ.எம்.ஆரில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் இன்றைக்கும் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன, அந்தக் காசு மெயின்டனன்ஸ் என்ற பெயரில் மாதாமாதம் வந்து நிற்கும். கோடையில் அது ஏறும். விளம்பரத்தில் வாடகை மட்டும்தான் இருக்கும்.

வீட்டைக் காட்ட வருகிற எல்லோரும் "தண்ணி பிரச்சினையே இல்லை மேடம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் நாங்கள் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தோம். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் கனெக்‌ஷன் இருக்கிறதா, அந்தத் தண்ணீர் தினமும் வருகிறதா ஒருநாள் விட்டு ஒருநாளா, எத்தனை மணிக்கு? சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில் தானாக விழுகிறதா, அடிபம்பில் அடித்துப் பிடிக்க வேண்டுமா? போர்வெல் எத்தனை அடி? ஏப்ரல், மே மாதத்தில் கடைசியாக எப்போது லாரி வாங்கினீர்கள்? கடைசிக் கேள்வியை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ கேளுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, பேனா மாதிரி இருக்கும், ஒரு டம்ளர் போர்வெல் தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு என்று காட்டிவிடும். குடிநீருக்கு 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நாங்கள் பார்த்த சில வீடுகளில் குழாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்ததைப் பார்த்ததுமே மீட்டரை எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. இன்னொன்று, பாதாளச் சாக்கடை இணைப்பா செப்டிக் டேங்கா என்று கேளுங்கள். 2011-ல் மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரித்து அம்பத்தூர், வளசரவாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்தார்கள். எல்லையை ஒரே நாளில் மாற்றிவிட முடியும், குழாய் பதிக்க வருடங்கள் ஆகும். செப்டிக் டேங்க் என்றால் அதைக் காலி செய்யும் லாரிக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

கோடையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த அதே கண்ணோடு மழையில் தண்ணீர் நிற்குமா என்றும் பார்க்க வேண்டிய ஊர் இது. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது முடிச்சூர், மேற்குத் தாம்பரம், ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சுற்றுவட்டார ஏரித் தண்ணீரெல்லாம் வடிந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் நாம் வீடு கட்டிக்கொண்டால் தண்ணீர் வேறெங்கே போகும்? அக்காவிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறாள், அவள் தெருவில் நிற்கவில்லையாம், அதுவும் உண்மைதான். ஏரியா முழுக்க ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. எங்கள் பக்கமும் இதற்கு விலக்கில்லை, கொரட்டூரில் ஏரியை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கொளத்தூரில் சில இடங்கள் மோசம், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நல்ல மழைக்கு மூடிவிடுவார்கள். ஆகவே தெருவைப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, தெருவில் மற்ற வீடுகளின் வாசற்படி எவ்வளவு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், சாலையைவிட வீட்டுத் தரை மேலேயா கீழேயா. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டே பல தெருக்களில் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. தரைத்தளம் குறைந்த வாடகைக்கு வந்தால் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வந்து வீடு பாருங்கள், மழையே எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள், அந்த மாதங்களில் வீடு காலியாகக் கிடந்தால் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்பதையும் பார்த்தோம்.

இனி மனதைக் கஷ்டப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். "வெஜ்தானே?" என்ற கேள்வி மும்பையில் பழகியதுதான், குறைந்தபட்சம் நேராகக் கேட்கிறார்கள். இங்கே சொந்த ஊர் எது என்று ஆரம்பிக்கும், திருநெல்வேலி என்றால் திருநெல்வேலியில் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, இப்படியே சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தைத்தான் தேடுவார்கள். ஒரு வீட்டில் எல்லாம் பிடித்து அட்வான்ஸ் பேசுகிற நேரத்தில் இந்த விசாரணை ஆரம்பித்தது. என் கணவர் மெதுவாக, "சார், வாடகை மாசம் பொறந்ததும் வந்துரும், வேற என்ன தெரியணும்?" என்று கேட்டார். பதில் வரவில்லை, எழுந்து வந்துவிட்டோம். மகள் பக்கத்தில் இருந்தாள். வழியெல்லாம் அவள் கேட்ட கேள்விகளுக்கு நான் ஒன்றையும் மறைக்காமல் பதில் சொன்னேன், ஏனென்றால் தெருப் பெயரைக் கேட்டு ஆளை எடைபோடுவது கேவலமான பழக்கம் என்று அவளுக்கு இந்த வயதிலேயே தெரிந்தாக வேண்டும். படித்த, நல்ல வேலையில் இருக்கிற, மற்ற எல்லாவற்றிலும் அன்பாகப் பேசுகிற மனிதர்கள் இதைச் செய்வதுதான் வலிக்கிறது. தனியாக வேலைக்கு வருகிற பெண்களையும், முஸ்லிம் குடும்பங்களையும் எவ்வளவு அலைய விடுகிறார்கள் என்பதை என் ஆபீஸிலேயே கேட்டிருக்கிறேன்.

அட்வான்ஸ் பற்றி. பத்து மாத வாடகை என்பது சென்னையில் பழைய வழக்கம், இப்போதும் வாய் கூசாமல் கேட்பவர்கள் உண்டு. 2017-ல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறையான தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். மும்பையில் லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இங்கேதான் "அதெல்லாம் எதுக்கும்மா, நம்பிக்கைதானே" என்பார்கள். நம்பிக்கை இருக்கட்டும், காகிதமும் இருக்கட்டும். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்கள், அதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் பில் இன்னொன்று. வீட்டுக்குத் தனி ஈ.பி. (மின்வாரிய) மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். தனி மீட்டர் இல்லாமல் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது, வருடத்தில் பாதி ஏசி ஓடுகிற ஊரில் அது சின்னத் தொகை இல்லை. ஈ.பி. அட்டையையே வாங்கிப் பாருங்கள், பழைய பில்லையும் கேளுங்கள்.

கடைசியில் வீடு கிடைத்தது எந்த ஆப்பிலும் இல்லை. ஆன்லைனில் ஓனர் என்று போட்டிருக்கும் எண்ணை அழைத்தால் பெரும்பாலும் புரோக்கர்தான் எடுக்கிறார், ஒரு மாத வாடகை கமிஷன். வில்லிவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மளிகைக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப்போய்ப் பேச்சு கொடுத்தோம், அண்ணாச்சிக்கும் எங்கள் பக்கம்தான் ஊர். "பின்னாடி தெருவுல மாடி காலியாகுது, நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை பேர், வண்டி இருக்கிறதா. எழுபது வயதைத் தாண்டிய வீட்டுக்கார அம்மா என் மகளைப் பார்த்து, "உள்ள வா பாப்பா, உன் ரூம் எதுன்னு நீயே பார்த்துக்கோ" என்றார். டோம்பிவிலியில் ஹாலிலேயே படுத்துப் படித்து வளர்ந்த குழந்தை அது. தனி அறை என்ற ஒன்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறந்து பார்த்தாள்.

என் கணவர் காலையில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்குகிறார், தொழிற்பேட்டை பக்கம். நான் ஷேர் ஆட்டோவில் திருமங்கலம் போய், மெட்ரோவில் நேராக ஈக்காட்டுத்தாங்கல். மும்பையில் கூட்டத்துக்குள் உடம்பைத் திணித்து ஏறிய எனக்கு இங்கே உட்கார்ந்து போவது இன்னும் பழகவில்லை. மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் என்பதால் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே வீட்டில் தொடங்கிவிட்டோம், வீட்டுக்கார அம்மாவிடம் மாலையில் போய் வாசிக்கிறாள். குழந்தையோடு வருகிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் ஒரு வருடம் திணறத்தான் வேண்டும்.

குறைகளும் உண்டு. கடற்கரை தூரம். ஊருக்குப் பஸ்ஸில் போவதென்றால் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதே ஒரு பயணம், அதனால் எழும்பூரிலிருந்து ரயில்தான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து கொளத்தூர், வில்லிவாக்கம், கோயம்பேடு வழியாகச் சோழிங்கநல்லூர் போகிற பாதைக்கு வேலை நடப்பதால் சாலையெல்லாம் தடுப்பு, தூசி. அது முடிந்ததும் வாடகை ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போதே விசாரிக்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று அண்ணாச்சி சொல்கிறார். அதனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்பதை நாங்கள் முதல் பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிட்டோம். வில்லிவாக்கத்தில் கட்டுப்படியாகாதவர்கள் அதே லைனில் இன்னும் தள்ளித் திருமுல்லைவாயல், ஆவடி, திருநின்றவூர் வரைக்கும் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் வாடகை இறங்கிக்கொண்டே போகும். ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் மட்டும் பாருங்கள், உள்ளே தள்ளிப் போய்விட்டால் ஆட்டோவுக்குக் கொடுத்தே அந்த மிச்சமும் போய்விடும்.